குளித்த தண்ணீரில் பூத்த டேலியா

நோரா பிக்கர்ஸ்கில்லுக்கு டேலியா என்றால் பைத்தியம். நான் அடுத்த வீட்டுக்காரி, பெரில். எனக்குப் பூ என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடையில் வாங்குவது, அவ்வளவுதான். ஆனாலும் எழுபத்தாறாம் வருஷக் கோடையில் அவளுடைய டேலியாவுக்காக நான் பட்ட பாட்டை, கட்டிய புருஷன் ரானுக்காகக்கூடப் பட்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, ரானே சொல்வான்.

எங்கள் கார்ஸ்பி, வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். ஆண்களுக்குச் சுரங்கம், சுரங்கத்தை விட்டால் கிளப். செப்டம்பர் முதல் சனிக்கிழமை அந்தக் கிளப்பில் டேலியாப் போட்டி. கிறிஸ்துமஸை மறந்தாலும் மறப்பார்களே தவிர, இதை ஒருத்தனும் மறக்க மாட்டான். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவத்தில் மூன்று பூவை ஒரு ஜாடியில் வைக்க வேண்டும். அதுதான் வெள்ளிக் கோப்பைக்கான போட்டி. அந்தக் கோப்பையை நோராவின் புருஷன் க்ளிஃப் வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், க்ளிஃபுக்கு டேலியாவுக்கும் முட்டைக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாது. குளிர்காலம் முழுக்கக் கிழங்குகளைப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் பாதுகாப்பது நோரா. உறைபனி போனதும் நட்டு, கிழிந்த காலுறையால் தண்டைக் குச்சியோடு கட்டுவது நோரா. பக்கத்து மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்து தண்டுக்கு ஒன்றே ஒன்றை விட்டுவைப்பதும் அவள்தான். வாலில் கொடுக்கு வைத்த ஒரு பூச்சி உண்டு, இதழை அரித்துவிடும். அதைப் பிடிக்க வைக்கோல் அடைத்த பூந்தொட்டியைக் குச்சியின் தலையில் கவிழ்த்துவிட்டு, விடிந்ததும் அதைத் தட்டி, விழும் பூச்சிகளைக் காலால் மிதித்து ஒரு ஆட்டம் ஆடுவாளே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஆனால் போட்டியில் கிளப் உறுப்பினர்தான் கலந்துகொள்ளலாம். உறுப்பினர் என்றால் ஆம்பிளை. பெண்கள் புருஷனோடு உள்ளே போகலாம், அவன் வாங்கித் தருவதைக் குடிக்கலாம், கைதட்டலாம். அதனால் பூ நோராவுடையது, பெயர் க்ளிஃபுடையது.

முந்தின வருஷப் போட்டியில்தான் வினை ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து வரும் நடுவர் மிஸ்டர் ஃபேர்பர்ன் பூ விஷயத்தில் பெரிய ஆள். அவர் கோப்பையைக் கொடுத்துவிட்டு, மைக்கை க்ளிஃப் பக்கம் நீட்டினார்.

"பிரமாதமான தண்டு, மிஸ்டர் பிக்கர்ஸ்கில். என்ன போட்டு வளர்த்தீங்க?"

க்ளிஃபுக்கு வேர்த்துக் கொட்டியது. "அது வந்து... வழக்கம்போலதான்."

"வழக்கம்போலன்னா?"

"எல்லாரும் போடுவாங்கல்ல... அதான்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. க்ளிஃபும் சேர்ந்து சிரித்தான். நோரா சிரிக்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அடுத்த வருஷம் அந்த ஜாடிக்குப் பக்கத்துல என் பேரு இருக்கணும், பெரில்."

"பேர்ல என்னடி இருக்கு? கோப்பை உன் வீட்டுலதானே இருக்கு?"

"கோப்பையைத் தொடைக்கறதும் நான்தான். அதுல இருக்கற அவன் பேரைப் பளபளன்னு தேய்க்கறதும் நான்தான்!"

பின்னால் வந்த க்ளிஃப், "எனக்கு மட்டும் ஆசையா என்ன? அந்த மேடையில ஏறினாலே எப்போ எறங்கலாம்னு இருக்கு" என்றான்.

"அதைப் பெர்சிகிட்டப் போய்ச் சொல்லு!"

பெர்சி லம்ப் என்றதும் க்ளிஃபுக்கு இருமல் வந்துவிட்டது. பெர்சிதான் போட்டிக்குச் செயலாளர். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டுப் பையில் பேனா குத்திக்கொண்டு, விதி விதி என்று உயிரை வாங்குவான். அவனும் டேலியா வளர்ப்பவன்தான், க்ளிஃபிடம் வருஷா வருஷம் தோற்பவன். இல்லை, நோராவிடம் தோற்பவன். எனக்கே பழக்கதோஷத்தில் வாய் தவறுகிறது பாருங்கள்.

அப்புறம் வந்தது அந்தக் கோடை. யார்க்‌ஷயரில் மழை பெய்யாமல் இருக்குமா? இருந்தது. புல் வைக்கோலாயிற்று. பொறிவண்டுகள் ஊரையே மொய்த்தன, துணி காயப்போட்டால் துணி தெரியாது. முதலில் தோட்டத்துக்கு ரப்பர் குழாய் பிடிக்கக்கூடாது என்றார்கள். பிறகு வீட்டுக் குழாயையே அடைத்துவிட்டுத் தெருமுனையில் ஒரு குழாயை நட்டார்கள். வாளியோடு வரிசையில் நின்றோம்.

அந்த வரிசையில்தான் பெர்சி எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான். "இந்த வருஷம் போட்டியே சந்தேகம். ஊர்ல ஒரு டேலியா கிடையாது. என்னுது எல்லாம் கருவாடாக் காஞ்சு போச்சு."

"என்னுது இருக்கே" என்றாள் நோரா.

"இன்னிக்கு இருக்கும் கண்ணு. செப்டம்பர்ல பாரு."

"செப்டம்பர்லயும் இருக்கும். இருந்தா என் பேர்ல வைப்பேன்."

நாலைந்து ஆண்கள் சிரித்தார்கள். கூட்டத்தைக் கண்டால் பெர்சிக்கு வாய் நீளும். "போட்டியன்னிக்கு உன் தோட்டத்துல ஒரே மாதிரி மூணு டேலியா பூத்து நிக்கட்டும். விதியைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, உன் பேரை என் கையாலயே எழுதறேன். போதுமா?"

எனக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? அப்புறம் கேக்கலைன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது!" என்று கத்தினேன். வரிசையிலிருந்த பெண்கள் வாளியை டமடமவென்று தட்டினார்கள். பெர்சியின் மனைவி ஐடா மட்டும் தட்டவில்லை. அவள் பாட்டுக்குப் புருஷனுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சவடால் விட்டாயிற்று, தண்ணீர்? நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் அபராதம். நோராவும் க்ளிஃபும் கை கால் கழுவிய தண்ணீர் எத்தனை செடிக்குக் காணும்? மறுநாள் காலை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், நோரா மண்ணில் மண்டியிட்டுத் தன் செடிகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தாள். சிவப்பாகவும் வெள்ளையாகவும் கத்தரிப்பூ நிறத்திலும் பூக்க வேண்டியவை எல்லாம் குவியலாகக் கிடந்தன. சுவரோரம் மஞ்சள் வரிசையை மட்டும் விட்டிருந்தாள். பூத்தால் முட்டையின் மஞ்சள்கரு மாதிரி அப்படி ஒரு மஞ்சள் அது.

"எல்லாத்துக்கும் ஊத்தினா எல்லாமே செத்துரும்" என்றாள். கன்னத்தில் மண்ணும் கண்ணீரும் ஒன்றாக ஒட்டியிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல பன்றிக் கொழுப்பு மெதக்குது, என் செடிக்கு என்ன பொரியலா பண்றே?" என்றாள். அழுதுகொண்டிருக்கும்போதும் அவள் வாய்க்கு ஒரு குறைச்சலும் கிடையாது.

"அப்போ என்ன தண்ணிதான்டி வேணும்?"

"குளிச்ச தண்ணி. சோப்புத் தண்ணி பரவாயில்ல, செடிப்பேனும் சாகும்."

குளித்த தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் ஆண்கள் வீட்டிலா குளிக்கிறார்கள்? வேலை முடிந்ததும் சுரங்க வாசலில் உள்ள பொதுக் குளியலறையிலேயே வெந்நீரில் குளித்துவிட்டுத் தலைசீவிக்கொண்டு ராஜா மாதிரி வருவார்கள். அந்தத் தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்கு. யோசிக்க யோசிக்க எனக்கு வயிறு எரிந்தது. அன்று சாயங்காலமே ரானிடம் சொல்லிவிட்டேன். "நாளையிலேர்ந்து நீ குளிக்காம வீட்டுக்கு வரே."

"என்னடி உளர்றே? கரியோடயா?"

"கரியோடதான். கொல்லையில தகர டப் ஆணியில சும்மாதானே தொங்குது?"

"அங்க வெந்நி கொட்டுதுடி!"

"அங்க குளிச்சா சாக்கடைக்குப் போகுது. இங்க குளிச்சா நோராவுக்குப் போகுது."

"நான் என்ன மனுஷனா, வாய்க்காலா?"

"இந்த மாசம் வாய்க்கால்."

அவ்வளவுதான், தெருவுக்கே பிடித்துக்கொண்டது. எல்லா வீட்டிலும் தகர டப்பை இறக்கித் தூசி தட்டினார்கள். வேலை விட்டதும் ஆண்கள் கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக, கன்னங்கரேலென்று தெருவில் அணிவகுத்து வந்தார்கள். ஒவ்வொருத்தியும் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் தன் புருஷனைக் கழுவி, அந்தக் கறுப்புத் தண்ணீரை வாளியில் மொண்டு நோராவின் வாசலில் வைத்தாள். ரான் ஒருநாள் ரொம்ப நேரம் டப்பில் ஊறிக்கொண்டிருந்தான். நோரா கதவைத் தட்டி, "ரான், எந்திரி. செடி வாடுது" என்றாள். அவன் துண்டைத் தேடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இது யாருக்கோ பொறுக்கவில்லை, புகார் போய்விட்டது. தண்ணீர் ஆபீசிலிருந்து ஒருவர் தொப்பியும் கையுமாக வந்து நின்றார். ஊரே காய்ந்து கிடக்க, நோராவின் சுவரோரம் மட்டும் பச்சைப் பசேல் என்றிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நோராவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் குனிந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தார்.

"இது என்னம்மா, லாவண்டர் வாசனை வருது?"

"அது பெரில் வீட்டு ரானுங்க" என்றாள் நோரா. "அந்தப் பக்கம் முகர்ந்து பாருங்க, கார்பாலிக் சோப்பு. அது கோடிவீட்டுக்காரர்."

மனிதர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், வேலிக்கு மேலே தெரிந்த ரானின் கரி முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்க மாட்டாமல் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். "மனுஷன் மேல பட்ட தண்ணின்னா நான் ஒண்ணும் கேக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் நடுவில் அந்த மஞ்சள் வரிசையில் மொட்டுக் கட்டியது. சின்ன மொட்டுதான், ஆனால் கெட்டி மொட்டு. நாங்கள் எல்லோரும் வேலை வெட்டியை விட்டுவிட்டு அதைப் பார்க்க வருவோம். நான்கூடத்தான். டேலியாவைப் பார்த்து என் நெஞ்சு படபடக்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அவர்களை டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

போட்டிக்கு முந்தின திங்கட்கிழமை, விடுமுறை நாள். மத்தியானம் திடீரென்று வானம் இருட்டி ஒரு இடி. அப்புறம் கொட்டியது பாருங்கள், ஐயோ! ஊரே தெருவுக்கு ஓடி வந்தது. ஆளை ஆள் கட்டிப்பிடித்து ஆடினார்கள். ரான் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். "இனிமே நான் சுரங்கத்துலயே குளிக்கலாம்!" என்று கூத்தாடினான். நான் நாக்கை நீட்டி மழையைக் குடித்தேன்.

அந்தக் கூத்துக்கு நடுவே ஒரே ஒருத்தி மட்டும் தலைவிரி கோலமாக ஓடினாள். "குடை! யார் வீட்டுல குடை இருக்கு? குடை கொடுங்க!"

"மழைக்காகத்தானடி தவம் கெடந்தே? இப்போ என்னடி?"

"இதழ்ல தண்ணி நின்னா பழுப்பு விழுந்துரும் பெரில்! ஜூலையில வராம இப்போ வருது பாரு, சனியன்!"

மூன்று மாசமாகத் தண்ணீர் தண்ணீர் என்று பறந்தவள், இப்போது அதே தண்ணீரை விரட்டினாள். தெருவிலிருந்த குடை எல்லாம் அவள் தோட்டத்துக்குப் போயின. குச்சியில் குடையைக் கட்டி, ஒவ்வொரு பூவுக்கும் மேலே ஒன்று விரித்தாள். வாரம் முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. நாங்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்றும் சேர்ந்துகொண்டது. குடைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. ஒன்று பிய்த்துக்கொண்டு ரானின் புறாக்கூண்டில் போய் விழுந்தது. நோரா ஒரு கையில் ஒரு குடையும் மறு கையில் ஒரு குடையுமாக நின்று, "பெரில்! பெரில்!" என்று அலறினாள். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பின்னாலேயே கோடிவீட்டுக்காரி வந்தாள். வேலை முடிந்து வந்த க்ளிஃப், சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு பூவின் மேல் கவிழ்ந்து நின்றுகொண்டான். ஆளுக்கு ஒரு பூ. மழை முதுகில் அடிக்க, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

தோட்டக் கதவு திறந்தது. பெரிய கறுப்புக் குடையோடு ஐடா லம்ப், பெர்சியின் மனைவி. நேராக ஒரு செடிக்குப் பக்கத்தில் வந்து குடையைப் பிடித்தாள்.

"பெர்சி எங்க?" என்றேன்.

"கிளப்புல மேஜை போடறார். இது அவர் குடைதான்." அவள் முகத்தில் சொட்டுச் சொட்டாக மழை. "நனைஞ்சுக்கிட்டு வரட்டும்."

காற்று அடங்கியபோது பாதிப் பூக்கள் ஒடிந்து கிடந்தன. தேடித் தேடி, அளந்து அளந்து, ஒரே மாதிரி மூன்றைத்தான் நோராவால் எடுக்க முடிந்தது. மூன்றாவது பூவில் பின்பக்கத்து இதழில் ஒரு சின்னக் கீறல். நாலாவது என்று ஒன்று கிடையாது.

சனிக்கிழமை காலை அந்த மூன்றையும் என் பிள்ளைகளை வளர்த்த பழைய தள்ளுவண்டியில் வைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோனோம். பெர்சி வாசலிலேயே நின்றான். பூவைப் பார்த்தான், மூச்சை இழுத்து விட்டான். "சொன்ன சொல் சொன்ன சொல்தான்" என்று பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதினான். எங்கள் வழக்கப்படி அதை ஜாடிக்குப் பக்கத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்தான். யார் பூ என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தீர்ப்புக்குப் பிறகுதான் சீட்டைத் திருப்புவார்கள். எங்களையெல்லாம் வெளியே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கதவு திறந்ததும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினோம். மஞ்சள் டேலியாவுக்கு முன்னால் இரண்டாம் பரிசு அட்டை. முதல் பரிசு ஓடைக்கரையில் தோட்டம் வைத்திருக்கும் கிழவர் ஆல்ஃபுக்கு. நோரா பரிசைப் பார்க்கவே இல்லை. அவள் கண் திருப்பி வைத்த சீட்டில் இருந்தது. பெர்சியின் அச்சுக் கோத்தாற்போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தது: திருமதி க்ளிஃப் பிக்கர்ஸ்கில்.

பெர்சி மேல் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு அப்படித்தான் எழுதுவார்கள். சர்ச்சிலும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். எனக்கு வரும் தபாலில்கூட நான் திருமதி ரான்தான். பெர்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "பாத்தியா நோரா? சொன்னபடி என் கையால எழுதிட்டேன்!" என்றான்.

நோராவுக்கு முகம் சுருங்கிவிட்டது. க்ளிஃப் அவள் தோளுக்கு மேலே எட்டி அதைப் படித்தான். "அடக் கடவுளே, இதுலயும் நான்தானா?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெர்சியின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கை நீண்டது. அதற்குள் ஐடா வந்துவிட்டாள்.

"பெர்சி, என் பேரு என்ன?"

"என்ன கேள்வி இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். என் பேரு என்ன?"

"ஐடா."

"தெரியுதுல்ல? அவ பேரு?"

பெர்சி நோராவைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது. ஐடாவே அவன் கோட்டுப் பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் புதுச் சீட்டு எடுத்து எழுதி, ஊதிக் காயவைத்து, ஜாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். நோரா பிக்கர்ஸ்கில். அவ்வளவுதான் இருந்தது அதில். நான் விட்ட விசிலில் மேஜையில் இருந்த பூ எல்லாம் ஆடியிருக்கும்!

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் க்ளிஃப். "நான் போட்டியில இருந்தவரைக்கும் ரெண்டாவது வந்ததே இல்ல."

நோரா அவனைக் கைப்பையால் முதுகில் ஒன்று போட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

முதல் பரிசுக்காரரை மட்டும் மேடைக்குக் கூப்பிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு மிஸ்டர் ஃபேர்பர்ன் ஆல்ஃபுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, மைக்கை விடாமல் நின்றார். "ஆல்ஃபுக்கு ஓடை இருக்கு. ஆனா அந்த மஞ்சள் பூ ஊருக்கு நடுவுல வளர்ந்ததுன்னு சொல்றாங்க. ஒரு இதழ்ல கீறல் இல்லேன்னா கோப்பை அங்கதான் போயிருக்கும். நோரா பிக்கர்ஸ்கில் யாரு? வாங்கம்மா மேலே."

அவள் பெயர் ஒலிபெருக்கியில் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. தெருவே எழுந்து நின்றது. நோரா பாவாடையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே மேடை ஏறினாள்.

"இந்த வறட்சியில இதுக்கு என்னம்மா போட்டீங்க?" என்றார் நடுவர்.

நோரா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முதல்ல பெரில் புருஷன் ரான் குளிச்ச தண்ணிங்க" என்று ஆரம்பித்தாள். ஹால் அதிர்ந்தது. ரான் மேஜைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. வீடு வீடாகச் சொன்னாள், சோப்பு சோப்பாகச் சொன்னாள். ஊறவைத்த ஆட்டுப் புழுக்கையைச் சொன்னாள், பிடுங்கிப்போட்ட சிவப்பையும் வெள்ளையையும் சொன்னாள், எந்த மொட்டை எப்போது கிள்ள வேண்டும் என்று விரலை மடக்கிக் காட்டினாள். நடுவர் இரண்டு தரம் மைக்குக்குக் கை நீட்டிப் பார்த்தார். பெர்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தான். ஐடா அவன் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

க்ளிஃப் நோராவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், என் பக்கம் சாய்ந்தான்.

"இதைத்தான் பெரில், போன வருஷம் அந்த ஆளு என்கிட்டக் கேட்டாரு."